பத்தாவது நகர்வில் ஒரு பிஷப்பை அப்படியே விட்டவர்: ஒரு அஞ்சல் ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படிப்பது எப்படி

அஞ்சல் சதுரங்கம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், ஐம்பது ஆட்டங்களைப் புரட்டச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்து ஒரு மாதம் உட்காருங்கள் என்பேன். அந்த ஆட்டம், மாஸ்கோவிலிருந்த யாகோவ் எஸ்ட்ரின் வெள்ளைக்காய்களோடும் அமெரிக்காவிலிருந்த ஹான்ஸ் பெர்லினர் கறுப்புக்காய்களோடும் தபால் வழியே ஆடியது. ஐந்தாவது உலக அஞ்சல் சதுரங்கப் போட்டி, 1965 முதல் 1968 வரை. மொத்தம் 42 நகர்வுகள்தான். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆண்டி சோல்டிஸ் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 ஆட்டங்களை வரிசைப்படுத்தியபோது முதல் இடத்தில் வைத்தது நேருக்கு நேர் ஆடிய எந்த ஆட்டத்தையும் இல்லை, இதைத்தான்.

நான் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு. பலகைக்கு முன் உட்கார்ந்து ஆடும்போது தொடக்கம் பன்னிரண்டு, பதினைந்து நகர்வில் முடிந்துவிடும். அப்புறம் அவரவர் சாமர்த்தியம். தபாலில் அப்படியில்லை. யோசிக்க நாள் கணக்கில் நேரம் இருப்பதால், பத்தாவது நகர்வில் எடுக்கும் முடிவுக்கான கணக்கை முப்பதாவது நகர்வில்கூடக் கேட்பார்கள். இந்த ஆட்டத்தில் அது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

முதல் படி: பலகையும் நோட்டும்

கணினித் திரை வேண்டாம். மரப்பலகையோ பிளாஸ்டிக் விரிப்போ ஏதாவது ஒன்று, நிஜமான காய்கள், ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டில் இடப்பக்கம் நகர்வு, வலப்பக்கம் உங்கள் யூகம். கறுப்பின் ஒவ்வொரு நகர்வையும் ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன ஆடுவீர்கள் என்று முதலில் எழுதுங்கள். பிறகு அட்டையை நகர்த்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு நகர்வுக்கு மேல் போகாதீர்கள். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த விளையாட்டு இல்லை.

பலகையை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை வீடு பெருக்கும்போது எச்7-ல் நின்ற சிப்பாய் எச்6-க்கு நகர்ந்துவிட்டது. நான் கவனிக்காமல் நான்கு நாள் அந்த நிலையை ஆராய்ந்து, அற்புதமான ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்து, அனுப்பியும் விட்டேன். எதிராளி பண்போடு என் யானையை வெட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் நோட்டைப் பார்த்து முதல் நகர்விலிருந்து காய்களை அடுக்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்த வேலையில் தோற்கிறவர்களில் பாதிப் பேர் யோசனையில் தோற்பதில்லை, எழுத்துப் பிழையில்தான் தோற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

காய்களின் பெயரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜா, ராணி, குதிரை, சிப்பாய் என்பதில் குழப்பம் இல்லை. மூலையில் நிற்பதை யானை என்கிறேன். குறுக்காகப் போவதைச் சிலர் மந்திரி என்பார்கள், சிலர் ஒட்டகம் என்பார்கள். சண்டை வேண்டாம், இங்கே பிஷப்.

இரண்டாவது படி: எண் குறியீடு

தபால் அட்டையில் குதிரைக்கு ஒரு எழுத்து போட்டால் ரஷ்யர் ஒன்று நினைப்பார், ஜெர்மானியர் வேறொன்று நினைப்பார். அதனால் சர்வதேச அஞ்சல் சதுரங்கத்தில் எழுத்தே இல்லாத ஒரு முறை புழங்குகிறது. ஏ முதல் எச் வரையுள்ள நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். குறுக்குவரிசைக்கு அதன் எண்ணே. புறப்படும் கட்டம், சேரும் கட்டம் இரண்டையும் ஒட்டி எழுதினால் நான்கு இலக்கம். இ2 சிப்பாய் இ4-க்குப் போவது 5254. ஜி1 குதிரை எஃப்3-க்கு 7163. வெள்ளை ராஜா தன் பக்கம் கோட்டை கட்டினால் ராஜாவின் நகர்வை மட்டும் சொன்னால் போதும்: 5171. சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ஐந்தாவது இலக்கம் ஒன்று சேரும். ராணிக்கு 1, யானைக்கு 2, பிஷப்புக்கு 3, குதிரைக்கு 4.

இதை ஒரு வாரம் பழகினால் விரல் நுனிக்கு வந்துவிடும். 5554, 8838 என்ற இரண்டு எண்களை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் அந்த இரண்டில் இருக்கிறது.

மூன்றாவது படி: எதிராளி யார் என்று பார்ப்பது

எஸ்ட்ரின் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் ஏழாவது உலக அஞ்சல் சாம்பியன் ஆனவர். அதைவிட முக்கியம், இரு குதிரைத் தற்காப்பு என்ற தொடக்கத்தைப் பற்றி நூலே எழுதியவர். பெர்லினர் 1929-ல் பெர்லினில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். பிற்காலத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானி. அவர் எழுதிய ஒரு நிரல் 1979-ல் பேக்கேமன் என்ற பகடை ஆட்டத்தின் உலக சாம்பியனையே தோற்கடித்தது.

எதிராளி நூல் எழுதிய தொடக்கத்தை விட்டு விலகிப் போவதுதான் நம் புத்தி. பெர்லினர் நேராக அதற்குள்ளேயே போனார். ஒரு விஷயத்தில் நிபுணராக இருப்பவருக்கு அதில் சில முடிவுகள் உறைந்து போயிருக்கும். அந்த உறைந்த இடத்தைத் தட்டிப் பார்க்க தபால் ஆட்டம் போல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? நூல்களைப் புரட்டுவதும் காய்களை நகர்த்திப் பார்ப்பதும் இங்கே விதிப்படியே அனுமதி.

நான்காவது படி: முதல் ஒன்பது நகர்வு

இப்போது காய்களை அடுக்குங்கள்.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, குதிரை எஃப்6. இதுதான் இரு குதிரைத் தற்காப்பு. 4. குதிரை ஜி5. வெள்ளை குதிரையும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. 4... டி5 (எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு). பிஷப்பின் வழியை அடைக்க இதைவிட்டால் எளிய வழி இல்லை. 5. இ சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது.

இங்கே வழக்கமான பதில் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பை விரட்டுவது. குதிரையால் டி5-ஐ வெட்டினால் வெள்ளை எஃப்7-ல் குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அந்தப் பொறியை அறிவார்கள். பெர்லினர் ஆடியது 5... பி5. அமெரிக்கர் ஓலாஃப் உல்வெஸ்டாட்டின் பெயர் தாங்கிய வழி. 6. பிஷப் எஃப்1! பிஷப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்புகிறது. முதல் தடவை பார்க்கும் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அது ஜி2 சிப்பாயைக் காக்கிறது. பிஷப் பி5-ஐ வெட்டினால், கறுப்பு ராணி டி5-க்கு வந்து ஒரே சமயத்தில் பிஷப்பையும் ஜி2-வையும் பார்க்கும்.

6... குதிரை டி4 7. சி3. இப்போது நிற்கும் நிலைக்கு வேறு பாதையும் உண்டு: ஐந்தாவது நகர்விலேயே குதிரையை டி4-க்குக் கொண்டுபோய், 6. சி3 பி5 7. பிஷப் எஃப்1 என்று வந்தாலும் இதே இடம்தான். அந்தப் பாதைக்கு ஜெர்மானியர் அலெக்சாண்டர் ஃபிரிட்ஸின் பெயர். தொடக்கத்தைப் படிக்கும்போது இப்படி இரண்டு தெருவும் ஒரே சந்தில் சேரும் இடங்களை நோட்டில் வட்டம் போடுங்கள். எதிராளி எந்தத் தெருவில் தடுப்பார் என்று பார்த்து மற்றதில் போகலாம்.

7... குதிரை டி5-ஐ வெட்டுகிறது. அந்தக் குதிரை எஃப்6-ஐ விட்டு விலகியதும் டி8 ராணியின் பார்வை ஜி5 குதிரை மேல் விழுகிறது. 8. குதிரை இ4, ராணி எச்4 9. குதிரை ஜி3, பிஷப் ஜி4. கறுப்பின் ஒவ்வொரு நகர்விலும் ஏதோ ஒன்று தாக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வெள்ளையின் ராஜா பக்கத்துக் குதிரை ஒன்றே நான்கு முறை நகர்ந்துவிட்டது. ராணிப் பக்கம் சி சிப்பாயைத் தவிர ஒரு காய்கூட அசையவில்லை.

ஐந்தாவது படி: 5554

10. எஃப்3. சிப்பாய் ஜி4 பிஷப்பைத் தாக்குகிறது. டி4 குதிரையை சி3 சிப்பாய் ஏற்கெனவே தாக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு காய் ஆபத்தில். அட்டையால் மறைத்துவிட்டு உங்கள் நகர்வை எழுதுங்கள். நான் முதல் முறை எழுதியது, குதிரையைப் பின்னால் எடுப்பது. பயந்தவன் ஆட்டம்.

பெர்லினர் ஆடியது 10... இ4. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். எண் குறியீட்டில் 5554.

இங்கே மூன்று நாள் தங்குங்கள். இந்தச் சிப்பாய் நகர்ந்ததும் எஃப்8-ல் தூங்கும் பிஷப்புக்கு டி6-லிருந்து ஜி3 வரை வழி திறக்கிறது. எஃப்3 சிப்பாயின் மேல் இப்போது அழுத்தம். வெள்ளை எதை எடுத்தாலும் அதற்குள் கறுப்புக்கு இன்னொரு காய் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

11. சி சிப்பாய் டி4 குதிரையை வெட்டியது. 11... பிஷப் டி6. இப்போது ஒரு பயிற்சி. 12-ல் வெள்ளை எஃப் சிப்பாயால் ஜி4 பிஷப்பை வெட்டினால் என்ன? கறுப்பு பிஷப் ஜி3-ஐ வெட்டிச் செக். எச் சிப்பாய் திருப்பி வெட்டினால் ராணி எச்1 யானையை விழுங்கும். காய்க்கணக்கை நீங்களே போட்டு, நிலை யாருக்கு நல்லது என்று நோட்டில் அரைப் பக்கம் எழுதுங்கள். எஸ்ட்ரின் அந்த வழிக்குப் போகவில்லை. 12. பிஷப் பி5-ஐ வெட்டிச் செக், ராஜா டி8 13. கோட்டை கட்டுகிறது, கறுப்பு இ சிப்பாய் எஃப்3-ஐ வெட்டுகிறது 14. யானை எஃப்3-ஐ வெட்டுகிறது.

இந்த 14-வது நகர்வுக்குப் பதிலாக ராணியை பி3-க்குக் கொண்டுபோவதுதான் பிற்கால ஆய்வுகளில் அதிகம் அடிபட்ட யோசனை. அதைத் தனித் தாளில் வையுங்கள். நீங்கள் இந்தத் தொடக்கத்தைக் கறுப்பில் ஆட நினைத்தால், உங்களுக்கு வரப்போகும் தலைவலி அதுதான். பழைய ஆட்டம் அழகாக முடிந்தது என்பதற்காக அந்தத் தொடக்கம் இன்றும் தாங்கும் என்று நம்பி இறங்கக்கூடாது.

ஆறாவது படி: அவசரமில்லாத யானை

இப்போது எண்ணுங்கள். கறுப்புக்கு ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் குறைவு. ராஜா நடுவில் நிற்கிறார், இனி கோட்டை கட்ட முடியாது. எஃப்3 யானையை பிஷப்பால் வெட்டிக்கொள்ளலாம், கை பரபரக்கும். பெர்லினர் 14... யானை பி8 என்று ஆடினார். பி5 பிஷப்பைத் தாக்குகிற சாக்கில் மூலையில் கிடந்த யானையை வெளியே எடுத்தார். எஃப்3 யானை எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நிதானம்.

15. பிஷப் இ2. இப்போது 15... பிஷப் எஃப்3-ஐ வெட்டுகிறது 16. பிஷப் திருப்பி வெட்டுகிறது. ராணி டி4-ஐ வெட்டிச் செக் 17. ராஜா எச்1, பிஷப் ஜி3-ஐ வெட்டுகிறது 18. எச் சிப்பாய் திருப்பி வெட்டுகிறது. எச் வரிசை திறந்துவிட்டது. 18... யானை பி6! அடுத்து எச்6-ல் செக். பி8-க்கு வந்த யானை எதற்காக வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

19. டி3, குதிரை இ3 20. பிஷப் வெட்டுகிறது, ராணி வெட்டுகிறது. அடுத்து யானை எச்6-க்கு வந்து செக் கொடுக்கும் என்ற மிரட்டல். ஆகவே 21. பிஷப் ஜி4, எச்5 22. பிஷப் எச்3, ஜி5 23. குதிரை டி2, ஜி4 24. குதிரை சி4. ராணியும் பி6 யானையும் ஒரே குதிரையின் பிடியில். 24... ராணி ஜி3-ஐ வெட்டுகிறது 25. குதிரை பி6 யானையை வெட்டுகிறது, ஜி சிப்பாய் எச்3 பிஷப்பை வெட்டுகிறது 26. ராணி எஃப்3, எச் சிப்பாய் ஜி2-ஐ வெட்டிச் செக் 27. ராணி வெட்டுகிறது, ராணியும் ராணியும் மாறுகின்றன. 28. ராஜா ஜி2-ல், சி சிப்பாய் பி6 குதிரையை வெட்டுகிறது.

புகை அடங்கிய பிறகு ஆளுக்கொரு யானை. வெள்ளைக்கு ஏ2, பி2, டி3 சிப்பாய்கள்; கறுப்புக்கு ஏ7, பி6, எஃப்7, எச்5. ஒரே ஒரு சிப்பாய் மிச்சம். பத்தாவது நகர்வில் போட்ட சூதாட்டத்துக்கு இவ்வளவுதானா லாபம் என்று தோன்றும்.

இடையில்: உங்கள் சொந்த ஆட்டம்

இந்த இடத்தில் படிப்பை நிறுத்தி, ஒரு தபால் ஆட்டத்தை நீங்களே தொடங்குங்கள். இன்று தபால் அட்டை தேவையில்லை. சர்வதேச அஞ்சல் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-ல் அமைந்தது. அதன் போட்டிகள் இப்போது இணையச் சேவையகத்தில் நடக்கின்றன. அங்கே நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி எஞ்சினைப் பயன்படுத்தலாம். அதனால் மேல்மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன. லிச்செஸ், செஸ்.காம் தளங்களில் நாள் கணக்கில் ஆடும் ஆட்டங்களுக்கு எஞ்சின் கூடாது. தொடக்க நூல்களும் தரவுத்தளமும் பார்க்கலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இந்த இரண்டாவது வகைதான் சரி.

தபால் அட்டை காலத்தில் நேரமும் காசும் மிச்சப்படுத்த ஒரு வழக்கம் இருந்தது: ‘நீங்கள் இதை வெட்டினால், நான் அதை வெட்டுவேன்’ என்று நிபந்தனை நகர்வுகளைச் சேர்த்தே எழுதிவிடுவது. இன்றும் தளங்களில் உண்டு. கட்டாய நகர்வுகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நாலைந்து நகர்வை மொத்தமாக அனுப்புவது உங்கள் மனசை எதிராளி மடியில் விரித்து வைப்பது போல.

ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம்? பெர்லினர் அந்தப் போட்டியில் 16 ஆட்டங்கள் ஆடினார். 12 வெற்றி, 4 சமன், தோல்வியே இல்லை. நீங்கள் மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. லண்டனும் எடின்பரோவும் 1824 முதல் 1828 வரை ஆடிய புகழ்பெற்ற அஞ்சல் ஆட்டம் முடிந்த கையோடு, மெட்ராஸும் ஹைதராபாத்தும் அப்படி ஆடின. மெட்ராஸ் அணியில் இருந்த குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேனோடு சேர்ந்து எழுதிய தொடக்க ஆய்வு 1829-ல் மெட்ராஸிலேயே அச்சானது. அந்த இரண்டு ஆட்டங்களும் அதிலேயே இருக்கின்றன.

ஏழாவது படி: 8838

மறுபடி பலகைக்கு வாருங்கள். 29. யானை எஃப்1, ராஜா இ7 30. யானை இ1 செக், ராஜா டி6! 31. யானை எஃப்1. வெள்ளை மறுபடி எஃப்7 சிப்பாயைப் பார்க்கிறது. ராஜா இ7-க்குத் திரும்பினால் அதே செக், அதே இடம். ஆட்டம் சமனாக முடிந்துவிடும். கையில் இருப்பதே ஒரு சிப்பாய்தான், அதைக் காப்பாற்றவும் வேண்டும். உங்கள் யூகத்தை எழுதுங்கள்.

31... யானை சி8. எட்டாம் வரிசையில் எச்8-லிருந்து ஒரே ஓட்டம், 8838. சிப்பாயைக் கொடுத்துவிட்டார். 32. யானை எஃப்7-ஐ வெட்டுகிறது, யானை சி7. இப்போது சிப்பாய்கள் மூன்றுக்கு மூன்று. ஆனால் யானைகள் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: வெள்ளை ராஜா எச் சிப்பாயைத் துரத்திப் போக வேண்டும், அதற்குள் கறுப்பு ராஜா டி3-ஐ எடுத்துக்கொண்டு ராணிப் பக்கம் நுழைந்து மிச்சத்தையும் எடுத்துவிடும். இதைப் பலகையில் நகர்த்திச் சரிபாருங்கள். அந்தக் கணக்கு சரியாக இருப்பதால்தான் 31-வது நகர்வு நிற்கிறது.

33. யானை எஃப்2, ராஜா இ5 34. ஏ4, ராஜா டி4 35. ஏ5, ராஜா டி3-ஐ வெட்டுகிறது 36. யானை எஃப்3 செக், ராஜா சி2. பதின்மூன்றாவது நகர்வில் டி8-ல் அடைபட்டுத் திணறிய அதே ராஜாதான். 37. பி4, பி5! 38. ஏ6, யானை சி4 39. யானை எஃப்7, யானை பி4-ஐ வெட்டுகிறது 40. யானை பி7, யானை ஜி4 செக் 41. ராஜா எஃப்3.

இங்கே ராஜா யானையைத் தொடுகிறது. யானை நகரவில்லை, 41... பி4. ஏன் நகர வேண்டாம்? எச்5-ல் சிப்பாய் நின்று காவல் காக்கிறது. இருபத்தொன்றாவது நகர்வில், பிஷப்பை விரட்ட அவசரமாகத் தள்ளிய அதே சிப்பாய். இருபது நகர்வு அசையாமல் நின்று இப்போது வேலைக்கு வருகிறது. இதை நான் மூன்றாவது முறை அடுக்கும்போதுதான் பார்த்தேன்.

42. யானை ஏ7-ஐ வெட்டுகிறது, பி3. எஸ்ட்ரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏன் என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: 43. யானை பி7, பி2 44. ஏ7. வெள்ளைக்கு ராணியாக ஒரே கட்டம்தான் மிச்சம். ஜி4 யானை நான்காம் வரிசையில் நேராக ஏ4-க்கு ஓடுகிறது.